பீலித் தண்ணீரும் திரித்தியமும்

ஹாலிஎலையில் ஆசிரியர்களும் உயர்தர மாணவர்களும் தோட்டத்துப் பெற்றோரும் கூடியிருந்த அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்



இந்த மேசையில் இருக்கும் கிளாஸ் தண்ணீர் எனக்குக் குடிக்க வைத்ததல்ல. லயத்துக்கு மேலே, சின்ன வயதில் நான் குளித்த பீலியில் இன்று காலையில் பிடித்துக்கொண்டு வந்தது. 200 மில்லிலீற்றர் இருக்கும். அண்மையில் பெய்த மழைத் தண்ணீர்தான் இது என்று வைத்துக்கொண்டால், இதற்குள்ளே நிமிடத்துக்கு ஒன்றிரண்டு அணுக்கள் உடைந்துகொண்டிருக்கின்றன. நான் பேசி முடிப்பதற்குள் ஐம்பது அறுபது உடைந்துவிடும். சத்தம் கிடையாது, வெளிச்சம் கிடையாது, ருசியும் மாறாது. குடித்தால் ஒன்றும் ஆகாது. நம் பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து எல்லோரும் குடித்து வந்ததுதான்.

உடைகிற அந்த அணுவுக்குப் பெயர் திரித்தியம். சூரியனில் நடப்பது போன்ற அணுக்கரு இணைவைப் பூமியில் நடத்தி மின்சாரம் எடுக்க உலகம் பாடுபடுகிறதே, அதற்கு முதலில் வேண்டிய எரிபொருள் இது. இதைத் தண்ணீரிலிருந்து எப்படிப் பிரித்தெடுக்கிறார்கள், ஏன் அது அவ்வளவு கஷ்டம், ஊவாவில் இருக்கும் நமக்கு அதில் என்ன வேலை என்பதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

உயர்தரப் பிள்ளைகளுக்குத் தெரிந்ததை மற்றவர்களுக்காக ஒருமுறை சொல்கிறேன். சாதாரண ஐதரசனின் கருவில் ஒரு புரோத்தன் மட்டும் இருக்கிறது. அதோடு ஒரு நியூத்திரன் சேர்ந்தால் தூத்தேரியம்; இரண்டு சேர்ந்தால் திரித்தியம். மூன்றுக்கும் இரசாயனக் குணம் ஏறக்குறைய ஒன்றுதான். ஒட்சிசனோடு சேர்ந்தால் மூன்றும் தண்ணீர்தான். எடை மட்டும் ஒன்று, இரண்டு, மூன்று என்று ஏறிப் போகும். முதல் இரண்டும் நிலைத்து நிற்கும், திரித்தியம் நிலைக்காது. அதன் அரைவாழ்வுக் காலம் 12.3 வருடம். ஹோட்டன் சமவெளியில் நெலு ஒரு தடவை பூத்து அடுத்த தடவை பூப்பதற்குள் நம் கையிருப்பில் பாதி ஈலியமாக மாறிப் போயிருக்கும். வானத்தின் மேலடுக்கில் அண்டக்கதிர்கள் காற்றை மோதுவதால் அது புதிதாகப் பிறந்துகொண்டே இருக்கிறது. மழையோடு நமக்கு வந்து சேர்கிறது. 1934இல் கேம்பிரிட்ஜில் இரதர்போர்ட், ஒலிபன்ட், ஹார்ட்டெக் என்ற மூவரும் ஆய்வுகூடத்தில் அதை உண்டாக்கிக் காட்டினார்கள்.

தூத்தேரியமும் திரித்தியமும் இணைவதே இருக்கிற இணைவுகளில் இலகுவானது. இலகு என்றாலும் 15 கோடி பாகை வெப்பம் வேண்டும். இங்கிலாந்தில் ஜெட் என்ற இணைவு இயந்திரம் இருந்தது. 2023இல் அதன் கடைசிப் பரிசோதனைகளில் 0.2 மில்லிகிராம் எரிபொருளை வைத்து 69 மெகாஜூல் சக்தி எடுத்தார்கள். நம் தேயிலைத் தொழிற்சாலை அடுப்பில் அந்தச் சூட்டைப் பெற நாலைந்து கிலோ காய்ந்த விறகு போட வேண்டும். உப்புக்கல் ஒன்றின் பாரம்கூட வராத எரிபொருளில் அது கிடைத்தது.

இதைக் கேள்விப்படும் எல்லோரும் ஒரு வசனத்தையும் சேர்த்துக் கேட்டிருப்பீர்கள்: கடல் தண்ணீர்தான் எரிபொருள், அது வற்றவே வற்றாது என்று. பத்திரிகைகள் எழுதுகின்றன, நானும் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். அது பாதிதான் சரி என்பதை இன்று திருத்திச் சொல்ல விரும்புகிறேன். தூத்தேரியத்துக்கு அது பொருந்தும். தண்ணீரில் உள்ள ஐதரசன் அணுக்களில் ஏறக்குறைய 6,400க்கு ஒன்று தூத்தேரியம். ஒரு கன மீற்றர் தண்ணீரில் சுமார் 33 கிராம் இருக்கிறது. திரித்தியத்தின் கதை வேறு. அதை அளக்கும் அலகே சொல்லிவிடும்: 1க்குப் பின்னால் 18 பூச்சியம் போட்டால் வரும் அத்தனை ஐதரசன் அணுக்களுக்குள் ஒரேயொரு திரித்தியம் இருந்தால் அது ஒரு திரித்திய அலகு. நம்மைப் போன்ற வெப்பவலய நாடுகளின் மழையில் ஒருசில அலகுதான்.

கணக்குக்கு ஒரு அலகு என்றே எடுத்து ஒரு கிராம் திரித்தியம் சேர்க்க எவ்வளவு மழை வேண்டும் என்று பார்த்தேன். 3,000 கன கிலோமீற்றர் தண்ணீர் வருகிறது. இலங்கை முழுவதும், மலையிலும் கடற்கரையிலும், ஒரு துளி விடாமல் 25 வருடம் பெய்கிற மழை அது. சேர்த்து முடிக்கும்போது முதல் வருடம் சேர்த்ததில் கால்வாசிதான் மிஞ்சியிருக்கும். மழையிலிருந்தோ கடலிலிருந்தோ திரித்தியம் எடுத்து உலை எரிக்கும் பேச்சுக்கு இடமே இல்லை.

அப்படியானால் உலகத்திடம் இருக்கும் திரித்தியம் எங்கிருந்து வந்தது? அதுவும் தண்ணீரிலிருந்துதான். ஆனால் அது அணு உலைக்குள் வருடக்கணக்காகக் கிடந்த பாரநீர்.

பாரநீர் என்றால் ஐதரசனுக்குப் பதில் தூத்தேரியம் இருக்கும் தண்ணீர். இதில் தமிழ் நிலத்துக்கும் பங்கு உண்டு. 1978இல் தூத்துக்குடியில், அங்கிருந்த உரத் தொழிற்சாலையை ஒட்டி ஒரு பாரநீர் ஆலை இயங்கத் தொடங்கியது. அமோனியா செய்வதற்கு வரும் ஐதரசன் வாயுவில் ஒட்டிக்கொண்டிருக்கும் கொஞ்சத் தூத்தேரியத்தை, வாயுவையும் திரவ அமோனியாவையும் எதிரெதிரே ஓடவிட்டு அங்கே பிரித்தார்கள். யூரியா மூட்டை ஒரு பக்கம், அணு உலைக்கான தண்ணீர் மறுபக்கம். கல்பாக்கத்தில் 1983 ஜூலையில் தொடங்கிய சென்னை அணுமின் நிலையம் இந்தப் பாரநீரில் ஓடும் வகை. அந்த வகை உலையை முதலில் வளர்த்தெடுத்த நாடு கனடா.

உலைக்குள் பாரநீரின் வேலை நியூத்திரன்களின் வேகத்தைக் குறைப்பது. அப்படிக் குறைக்கும்போது எப்போதாவது ஒரு தூத்தேரியம் ஒரு நியூத்திரனை விழுங்கிவிடும். விழுங்கினால் அது திரித்தியம். யாரும் வேண்டிச் செய்வதில்லை. ஆனால் வருடம் போகப் போக உலையின் பாரநீரில் திரித்தியம் ஏறிக்கொண்டே இருக்கும். அங்கே வேலை செய்கிறவர்களுக்கு அது ஆபத்து. திரித்தியத்தின் கதிர் தோலைத் தாண்டாது. தண்ணீராகவோ நீராவியாகவோ உள்ளே போனால்தான் தீங்கு. 2009 நவம்பரில் கர்நாடகத்தின் கைகா அணுமின் நிலையத்தில் குடிதண்ணீர் இயந்திரம் ஒன்றில் யாரோ திரித்தியம் கலந்த பாரநீரைக் கலந்துவிட, ஐம்பது பேரளவில் தொழிலாளர்களின் சிறுநீரில் அளவுக்கு மேல் திரித்தியம் காணப்பட்டது. குடித்த எவருக்கும் ருசியில் வித்தியாசம் தெரிந்திருக்க வழியில்லை. சிறுநீர்ப் பரிசோதனை ஒழுங்காக நடந்துகொண்டிருந்ததால்தான் பிடிபட்டது. உடம்பிலிருந்து பாதி திரித்தியம் வெளியேற ஏறக்குறைய பத்து நாள் ஆகும். தண்ணீர் நிறையக் குடித்தால் இன்னும் சீக்கிரம் போகும்.

ஆகவே திரித்தியத்தைப் பாரநீரிலிருந்து பிரிக்க முதலில் முயன்றது தொழிலாளியின் பாதுகாப்புக்காக. எரிபொருள் என்ற நினைப்பு பின்னால் வந்தது. கனடாவின் டார்லிங்டனில் 1990ஐ ஒட்டி அதற்கென்று ஒரு ஆலை இயங்கத் தொடங்கியது. கொரியாவின் வோல்சோங்கில் 2007இல் இன்னொன்று. இந்தியாவில் பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் விஞ்ஞானிகளும் இந்த வித்தையில் தங்கள் கையாலேயே தேர்ச்சி பெற்றார்கள்.

எப்படிப் பிரிப்பது? இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கிறேன், ஏனென்றால் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

தொழிற்சாலையில் தேயிலையைத் தரம் பிரிக்கிற சல்லடையை எல்லோரும் பார்த்திருக்கிறீர்கள். பருமன் வேறுபட்டால் சல்லடை போதும். திரித்தியத் தண்ணீரும் சாதாரணத் தண்ணீரும் பருமனில் வேறுபடுவதில்லை. எடைதான் வேறு. எடையால் பிரிக்கும் கருவி நம் வீட்டில் இருக்கிறது: சொளகு. அம்மா லயத்து வாசலில் உட்கார்ந்து அரிசி புடைக்கும்போது ஒரே தட்டில் உமி எல்லாம் போய்விடாது. தட்ட வேண்டும், தூக்க வேண்டும், திரும்பத் தட்ட வேண்டும். ஒவ்வொரு தட்டிலும் பாரமானது கொஞ்சம் இந்தப் பக்கம், இலேசானது கொஞ்சம் அந்தப் பக்கம். திரித்தியத்தைப் பிரிப்பதும் புடைப்பதுதான். ஆனால் உமிக்கும் அரிசிக்கும் உள்ள வித்தியாசம் இங்கே இல்லை. ஒருசில தடவை தட்டினால் தெரியவே தெரியாத வித்தியாசம்.

முதல் தட்டு தண்ணீருக்கும் வாயுவுக்கும் இடையில் நடக்கிறது. திரித்தியம் கலந்த தண்ணீரையும் ஐதரசன் வாயுவையும் ஒன்றோடொன்று உரசவிட்டால் அணுக்கள் இடம் மாறும். தண்ணீரில் இருந்த திரித்தியம் வாயுவுக்குப் போகும், வாயுவில் இருந்தது தண்ணீருக்கு வரும். தானாக விட்டால் இது நடப்பது தெரியாத அளவுக்கு மெதுவாக நடக்கும். பிளாத்தினம் ஊக்கியாக இருந்தால் வேகமாகும். ஆனால் பிளாத்தினம் நனைந்தால் அதன்மேல் தண்ணீர்ப் படலம் மூடிக்கொள்ளும், வாயு கிட்டவே வர முடியாது. டார்லிங்டனில் தண்ணீரை 200 பாகை அளவில் ஆவியாக்கி அந்தத் தொல்லையைத் தவிர்த்தார்கள். கனடாவின் சாக் ரிவர் ஆய்வுகூடத்தில் 1970களில் இன்னொரு வழி கண்டார்கள்: ஈரம் ஒட்டாத பொருளின்மேல் பிளாத்தினத்தைப் பூசுவது. சேம்பு இலையில் தண்ணீர் உருண்டு ஓடுவதைப் பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும். தண்ணீர் மேலிருந்து உருண்டு இறங்கும், வாயு கீழிருந்து ஏறும், ஊக்கி நனையாமல் இரண்டுக்கும் நடுவில் நின்று வேலை செய்யும். இந்தியாவில் செய்ததும் இந்த வகை ஊக்கிதான்.

வாயுவுக்கு வந்த பிறகு இரண்டாவது தட்டு. வாயுவைக் குளிராக்கித் திரவமாக்கிப் பகுதிபடக் காய்ச்சி வடிக்கிறார்கள். சாதாரண ஐதரசன் மறை 253 பாகை செல்சியஸில் கொதிக்கும். திரித்தியம் மறை 248இல் கொதிக்கும். இந்த ஐந்து பாகை இடைவெளிதான் அவர்களுடைய கைமுதல் எல்லாம். உயரமான கோபுரத்துக்குள் ஆவியாவதும் திரவமாவதும் நூற்றுக்கணக்கான தடவை நடந்து, அடியில் திரித்தியம் தேங்குகிறது. அதை வாயுவாக வைத்தால் எளிதில் கசிந்துவிடலாம். தைத்தானியம் என்ற உலோகத்துக்குள் உறிஞ்சவைத்துப் பூட்டி வைக்கிறார்கள்.

இப்படிச் சேர்த்து உலகத்தில் விற்பனைக்கு இருப்பது ஏறக்குறைய 25 கிலோ. ஒரு ஆள் தூக்கிவிடக் கூடிய சுமை. ஒரு கிராம் 30,000 அமெரிக்க டொலர் என்று சொல்கிறார்கள். அதிலும் சும்மா கிடக்கும்போதே வருடத்துக்கு நூற்றுக்கு ஐந்துக்கு மேல் அழிகிறது.

இந்தக் கணக்கோடு புகுஷிமாவைப் பாருங்கள். 2011 விபத்துக்குப் பின் உடைந்த உலைகளைக் குளிர்வித்த தண்ணீர் 13 இலட்சம் தொன் அளவுக்குத் தாங்கிகளில் சேர்ந்தது. மற்றக் கதிர்ப்பொருட்களில் பெரும்பாலானவற்றை வடிகட்ட முடிந்தது. திரித்தியத்தை முடியவில்லை, அது தண்ணீராகவே இருக்கிறதே. அத்தனை தாங்கிகளிலும் இருந்த திரித்தியம் மொத்தம் சுமார் 2 கிராம். எரிபொருள் விலைக்குப் போட்டால் 60,000 டொலர். அதைப் பிரிப்பதற்காக அந்தத் தண்ணீர் முழுவதையும் ஒரே ஒரு தடவை மின்பகுப்புச் செய்து வாயுவாக்குவதென்றால்கூட ஏறத்தாழ 700 கோடி யுனிட் மின்சாரம் வேண்டும். இலங்கை முழுவதும் ஒரு வருடத்தில் பாவிப்பதில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு அது. ஆகவே லீற்றருக்கு 1,500 பெக்கரெலுக்கு, அதாவது விநாடிக்கு 1,500 அணு உடைவுக்குக் கீழே வரும்வரை கடல்நீர் கலந்து, 2023 ஓகஸ்ட் 24 முதல் கடலில் விடுகிறார்கள். குடிதண்ணீருக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு 10,000 பெக்கரெல். அளவைப் பொறுத்தவரை அந்த முடிவை நான் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் அந்தக் கரையில் மீன் பிடித்து வாழ்கிறவர்களின் பயத்தை அறியாமை என்று தள்ளுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. நம் பீலிக்கு மேலே யாராவது எதையாவது ஊற்றிவிட்டு, அளவுக்குள்தான் இருக்கிறது என்று சொன்னால், அளந்து காட்டு என்றுதான் நாமும் கேட்போம்.

பிரான்சின் கடராஷில் ஏழு தரப்புகள் சேர்ந்து ஈட்டர் என்ற பெரும் இணைவு உலையைக் கட்டுகின்றன. இந்தியாவும் அதில் ஒரு பங்காளி. 3,850 தொன் எடையுள்ள அதன் வெளிக்கூட்டின் பாகங்கள் குஜராத்தின் ஹசீராவில் செய்யப்பட்டுக் கப்பலில் போயின. தூத்தேரியத்தையும் திரித்தியத்தையும் அங்கே எரிப்பது இப்போதைய திட்டப்படி 2039இல். அதற்குப் பிறகு மின்சாரத்துக்கென்று உலை கட்டினால், 1,000 மெகாவாட் இணைவுச் சக்திக்கு ஒரு வருடத்துக்குச் சுமார் 55 கிலோ திரித்தியம் எரியும். உலகத்தின் இருப்பு அரை வருடத்துக்கும் காணாது.

ஆகவே உலை தன் எரிபொருளைத் தானே விளைவிக்க வேண்டும். இணைவில் பிறக்கும் நியூத்திரன் இலிதியத்தில் பட்டால் திரித்தியம் உண்டாகும். உலையைச் சுற்றி இலிதியப் போர்வை போடுவது வழி. காந்திநகரில் உள்ள பிளாஸ்மா ஆராய்ச்சி நிறுவனத்தினர் ஈயமும் இலிதியமும் கலந்த திரவத்தை அந்தப் போர்வைக்குள் ஓடவிடும் முறையில் உழைக்கிறார்கள். ஆனால் விளைந்த திரித்தியம் விளைந்த இடத்தில் நிற்காது. பொட்டலம் கட்டிய கருவாட்டின் வாசம் பையைத் தாண்டி வருவது போல, சூடான உலோகச் சுவரைத் தாண்டிக் குளிர்விக்கும் தண்ணீருக்குப் போய்விடும். கட்டடத்தின் காற்றில் உள்ள ஈரத்திலும் கலந்துவிடும். அங்கிருந்து அதைத் திரும்பப் பிடிக்காவிட்டால் வெளியே மாசு, உள்ளே எரிபொருள் பற்றாக்குறை. அதனால்தான் ஈட்டரிலும் திரித்தியத்தைத் தண்ணீரிலிருந்து பிரிக்க மின்பகுப்பும் ஈரம் ஒட்டாத ஊக்கியும் கொண்ட தனித் தொகுதி ஒன்றை வைக்கிறார்கள். இணைவைப் பற்றிப் பேசுகிறவர்கள் 15 கோடி பாகையைப் பற்றித்தான் பேசுகிறார்கள். இந்த உலைகள் ஓடுமா நிற்குமா என்பதை இரசாயனக்காரரின் தண்ணீர்க் குழாய்களும் சேர்ந்துதான் தீர்மானிக்கும் என்பது என் உறுதியான கருத்து.

இனி நம் ஊருக்கு வருகிறேன்.

உமாஓயாத் திட்டத்தின் சுரங்கத்துக்குள் 2014 டிசம்பரில் நிலத்தடி நீர் உடைத்துக்கொண்டு பாய்ந்தது நினைவிருக்கும். பண்டாரவளைப் பக்கத்தில் கிணறுகள் வற்றின, ஊற்றுகள் நின்றன, வீடுகள் வெடித்தன. 2017இல் ஆயிரக்கணக்கான மக்கள் தெருவில் இறங்கினார்கள். அந்தத் திட்டத்தின் 120 மெகாவாட் மின்நிலையம் 2024 ஏப்ரலில் திறந்துவைக்கப்பட்டது. அந்த நாட்களில் எல்லோரும் ஒரு கேள்வியைக் கேட்டார்கள்: போன தண்ணீர் திரும்ப வருமா? அதற்குப் பதில் தேட முதலில் தெரிய வேண்டியது, மலைக்குள் இருக்கும் தண்ணீரின் வயது. போன வருட மழையா, நம் பாட்டன் காலத்து மழையா? ஒரு வருடத் தண்ணீர் என்றால் அடுத்த மழையில் நிரம்பும். ஐம்பது வருடம் சேர்ந்தது என்றால் நிரம்பவும் அவ்வளவு காலம் பிடிக்கும்.

அந்த வயதைச் சொல்வது திரித்தியம். நிலத்துக்குள் போன தண்ணீருக்குப் புதிய திரித்தியம் கிடைக்காது, உள்ளதும் 12.3 வருடத்துக்குப் பாதியாகும். திரித்தியம் தென்பட்டால் இளம் தண்ணீர். அறவே இல்லாவிட்டால் 1950களுக்கு முன் பெய்தது. திரித்தியம் மாறி உண்டான ஈலியத்தையும் சேர்த்து அளந்தால் வருடக் கணக்கே வரும். இவ்வளவு சொற்பத்தை அளக்க முதலில் செறிவாக்க வேண்டும்: அரை லீற்றர் தண்ணீரை மின்பகுப்புச் செய்து சிறுகச் சிறுகச் சுண்டவைப்பார்கள், இலேசான ஐதரசன் முந்திப் போகும், பாரமான திரித்தியம் பிந்தி மிஞ்சும். கடராஷில் எரிபொருளை மீட்பதும் நம் பீலியின் வயதைக் கண்டுபிடிப்பதும் ஒரே சொளகில் புடைப்பதுதான். ஒருகொடவத்தையில் உள்ள இலங்கை அணுசக்தி சபையில், திரித்தியம் போன்ற சமதானிகளைக் கொண்டு தண்ணீரை ஆராயும் சமதானி நீரியலுக்கென்று ஒரு பிரிவு இருக்கிறது. பதுளையில் ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் இருக்கிறது. பிள்ளைகள் இருக்கிறீர்கள்.

தொடக்கத்தில் இந்தக் கிளாஸைக் காட்டி, அண்மையில் பெய்த மழை என்று வைத்துக்கொண்டால் என்று சொன்னேன். நிமிடத்துக்கு ஒன்றிரண்டு அணு என்ற கணக்கு அந்த ஒரு வார்த்தையில்தான் நிற்கிறது. இந்தப் பீலித் தண்ணீரின் வயதை அளந்த தாள் எதுவும் என் கையில் இல்லை.

ஆசிரியர்களிடமும் பிள்ளைகளிடமும் என் வேண்டுகோள் இது. ஒவ்வொரு பாடசாலையும் தன் பக்கத்துப் பீலி ஒன்றை எடுத்துக்கொள்ளட்டும். கச்சான் காற்று அடிக்கும் ஓகஸ்டில் ஒரு தடவை, மார்கழி மழையில் ஒரு தடவை, ஒரு லீற்றர் போத்தலில் வாய்வரை நிரப்பி இறுக மூடுங்கள். போத்தலின் மேல் தோட்டத்தின் பெயர், பிரிவு, பீலியின் பெயர், திகதி, ஒரு வாளி நிரம்ப எத்தனை விநாடி ஆனது என்பதை எழுதுங்கள். அதே விவரத்தை ஒரு கொப்பியிலும் எழுதி வையுங்கள். ஐந்து வருடம் விடாமல் செய்த கொப்பியோடு எந்த ஆய்வுகூடத்தின் கதவையும் தட்டலாம். முதல் கொப்பியை நான் வாங்கி வந்திருக்கிறேன், இந்தக் கிளாஸுக்குப் பக்கத்தில் இருக்கிறது. கூட்டம் முடிந்ததும் யாராவது ஒரு பிள்ளை வந்து எடுத்துக்கொள்ளுங்கள்.